பாட்டுக்கு நடுவுல ஒரு பேரு

உன் பனியன் முதுகுல 'செம்பா'ன்னு எழுதியிருக்குல்ல, அது என் பேருதான், பாப்பா.

சிரிக்காத. நெசமாத்தான் சொல்லுதேன். செண்பகவல்லி. எங்கம்மாவுக்குக் கோவில்பட்டி, அதனால அந்த ஊரு அம்மன் பேர வச்சாங்க. ஆதார் கார்டு காட்டவா? இந்தா, பாத்துக்கோ. வீட்டுல என்னைய வல்லிம்பாங்க, கம்பெனியில செண்பகம். செம்பான்னு கூப்பிட்டது உலகத்துல ஒரே ஒருத்திதான்.

சன்னல் பக்கம் நீயே இரு. எனக்கு எங்க உக்காந்தாலும் ஒண்ணுதான். திருச்சிக்குத்தான நீயும்? உப்புக்காத்து பேண்டு கச்சேரிக்கு? நானும் அங்கதான். ஏன் அப்படிப் பாக்குற, சேலை கட்டுன பொம்பள அங்கெல்லாம் வரக் கூடாதா? இதோட எனக்கு முப்பத்தி ஒண்ணாவது. உனக்கு? முத தடவையா! அடி சக்கை. நாகர்கோயில்ல இருந்து ஒத்தையில வாரியா? வீட்டுல விட்டாங்களா? சரி சரி, நான் யாருட்டயும் சொல்ல மாட்டேன்.

அவங்க பாட்டுல 'செம்பா'ன்னு ஒரு சத்தம் வருமே, அதப் பத்தி உங்க ஆளுக என்ன சொல்லுதாங்க? டிரம்ஸ் அடிக்கிறவரோட காதலின்னா? ம், அதுவும் கேள்விப்பட்டிருக்கேன். ஒருத்தன் எழுதியிருந்தான், அது பேரே இல்லையாம், கடக்கரையில வலை இழுக்கும்போது போடுத சத்தமாம். நான் படிச்சுட்டுச் சிரிச்சேன். பாடுதாருல்ல டெரன்ஸ், அவரே ஒரு பேட்டியில சொன்னாரு, "அந்தக் குரல் யாருன்னு எங்களுக்குத் தெரியாது, ஆனா அது இல்லாட்டி அந்தப் பாட்டு முழுசாகாது"ன்னு. பாவம், அவருக்கும் தெரியாது.

'வெறுங்கை' பாட்டுல ரெண்டாவது சரணம் முடியவும் எல்லா வாத்தியமும் டக்குனு நின்னுரும்ல. நாலு எண்ணுத நேரம் ஒரு சத்தமும் இருக்காது. அதுல ஒரு பிள்ள கத்துவா, "செம்பா!"ன்னு. அடுத்தாப்புல டிரம்ஸ் இடி விழுந்த மாதிரி இறங்கும். இப்ப அவங்க எந்த ஊர்ல வாசிச்சாலும் அந்த இடத்துல மொத்தக் கூட்டமும் சேர்ந்து கத்துது. ஆயிரம் பேரு, ரெண்டாயிரம் பேரு. நீயும் இன்னைக்குக் கத்துவ.

முத முதல்ல கத்துனவ பேரு ராஜகனி.

அந்த ஒயரக் காதுல இருந்து எடுத்துரு பாப்பா. பஸ் சத்தத்துல நான் சொல்லுதது உனக்குக் கேக்காது.

நானும் அவளும் சிவகாசியில ஒரே கம்பெனி. காலண்டர் கம்பெனி. நீங்க வீட்டுல தினம் ஒரு தாளாக் கிழிக்கீங்கல்ல, அந்தத் தாள்க் கட்ட அட்டையில வச்சு அடிக்கிறது எங்க வேலை. எனக்கு இருவத்தி நாலு வயசு, அவளுக்கு இருவத்தி மூணு. எதுத்தெதுத்த ஸ்டூலு. என்கிட்ட ஒரு போனு இருந்துச்சு, பித்தான் வச்சது, மெமரி கார்டு போடுத மாதிரி. தூத்துக்குடியில இருந்து வந்த ஒரு லாரிக்கார அண்ணன்தான் அதுல உப்புக்காத்து பாட்டு ஏத்திக் குடுத்தாரு. அப்ப அவங்கள ஒருத்தருக்கும் தெரியாது. ஒரு ஒயரு எங்காதுல, ஒரு ஒயரு அவ காதுல. சூப்பர்வைசர் பாத்தாருன்னா ஏசுவாரு. அவ முடியை முன்னால போட்டு மறைச்சுக்கிடுவா.

அவளுக்குப் பாட்டு வரிதான் பிடிக்கும். எனக்கு சத்தம். 'வெறுங்கை'ல அந்த நிக்கிற இடம் வரும்போது ரெண்டு பேரும் கையில இருக்கிற வேலைய அப்படியே நிறுத்திருவோம். ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிடுவோம். டிரம்ஸ் விழவும் மறுபடி அடிக்க ஆரம்பிப்போம். பக்கத்துல இருக்கிறவங்களுக்குப் பைத்தியம் மாதிரி இருக்கும்.

அவளுக்கு இளைப்பு உண்டு. சின்னதுல இருந்தே. காயித தூசி அதுக்கு ஆகாது, ஆனா சிவகாசியில காயிதத் தூசி இல்லாத வேலைக்கு எங்க போக? இல்லன்னா வெடி மருந்து. எது நல்லதுன்னு நீயே சொல்லு. அவங்கம்மா பாக்கியத்தாய், நான் அத்தைன்னு கூப்பிடுவேன், சொந்தமெல்லாம் கிடையாது, அப்படியே பழகிருச்சு. அவங்களுக்கு அவ ஒரே பிள்ள. புருசன் இல்ல. ராத்திரி அவ மூச்ச எண்ணிக்கிட்டே முழிச்சுக் கிடப்பாங்களாம். எண்ணுவாங்களாம் பாப்பா, உக்காந்து.

அந்த வருசம் ஐப்பசியில, மதுரைக்கு இந்தப் பக்கம் ஒரு மைதானத்துல உப்புக்காத்து வாசிக்காங்கன்னு தெரிஞ்சது. ஞாயித்துக்கிழம, சாயங்காலம் நாலு மணிக்கு. ஐப்பசி எங்களுக்கு உசிர் போற மாசம், வருசக் கடைசி காலண்டர் பூரா அப்பத்தான் ஓடும். அந்த வாரம் அவளுக்கு இளைப்பு ஜாஸ்தியா இருந்துச்சு. நெஞ்சுக்குள்ள பூனைக்குட்டி கத்துத மாதிரி சத்தம் வரும். அத்தை விட மாட்டேன்னுட்டாங்க.

"அடுத்த தடவ போலாம் செம்பா"ன்னு அவளே சொன்னா. நான்தான் அவங்க வீட்டுக்குப் போயி அத்தைகிட்டப் பேசுனேன். "அத்தை, காலையில போயி ராத்திரி பஸ்ஸுல திரும்பிருவோம். நான் பாத்துக்கிடமாட்டனா?"

"நீ பாத்துக்கிடுவ தாயி. இவ சொன்னபடி கேக்கணும்ல."

"நான் பக்கத்துலயே இருப்பேன் அத்தை. ஒரு நிமிசம் நகர மாட்டேன்."

சும்மா சொல்லல. மனசாரத்தான் சொன்னேன். அவ ஆசைப்பட்டாளேன்னுதான் பேசுனேன். இல்லன்னா எனக்கென்ன, நான் ஒத்தையிலயே போயிருப்பேனே. ஒத்தையில போனா நல்லாயிருக்காதுங்கிறது வேற.

அந்தப் பயணம் இருக்குல்ல பாப்பா, அந்த மாதிரி ஒண்ணு எனக்கு வாழ்நாள்ல திரும்பக் கிடைக்கல. ரெண்டு டப்பா புளிச்சோறு, தொட்டுக்க உருளக்கிழங்கு. அவ ஒரு காலண்டர் அட்டையைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்துல கலர் கலரா எழுதியிருந்தா: 'சிவகாசியில இருந்து வந்திருக்கோம்.' அவ்வளவுதான். "அவங்க பேரு எழுதலையே"ன்னேன். "அவங்க பேரு அவங்களுக்குத் தெரியும், நம்ம ஊருதான தெரியாது"ன்னா. அந்த அட்டை மடங்கக் கூடாதுன்னு ரெண்டு கையாலயும் பிடிச்சிக்கிட்டே வந்தா. அதனால மத்த சாமானெல்லாம் என் பையில. தண்ணி, டிக்கெட்டு, சோத்து டப்பா, அவ இன்ஹேலரு. எல்லாம் என் பையிலதான். வேற எங்க வைக்க, அவளுக்குக் கை இல்லையே.

திருமங்கலம் தாண்டவும் அவ சொன்னா, "எனக்கு அழுக வருது செம்பா. இன்னும் போயே சேரல, அதுக்குள்ள முடிஞ்சிரப் போகுதேன்னு இருக்கு." நான் அவ தலையில ஒரு தட்டு தட்டுனேன். "முதல்ல போவோம்ட்டி"ன்னேன்.

மைதானம்னா என்ன, கட்டாந்தரை. ரெண்டு வாரமா மழையும் இல்ல. ஆயிரம் பேரு குதிச்சா எப்படி இருக்கும்? செம்மண் தூசி இடுப்பு உசரத்துக்கு நிக்குது. போதாததுக்கு மேடையில இருந்து புகை வேற விடுதான். ரெண்டு பாட்டு முடிஞ்சது. நாங்க நடுவுல நின்னோம். நான் அவ கையப் பிடிச்சிருந்தேன். நல்லா ஞாபகம் இருக்கு, பிடிச்சிருந்தேன்.

அவ சொன்னா, "மூச்சு முட்டுதுட்டி. வா, வேலி ஓரமாப் போயி நிப்போம்."

சரின்னுதான் நான் சொன்னேன். அப்பப் பாத்து டெரன்ஸ் மைக்குல, "அடுத்து வெறுங்கை"ன்னுட்டாரு. என்ன செய்ய? முன்னால ஒரு சந்து கிடைச்சது. அது மாதிரிச் சந்து ஒரு தடவதான் கிடைக்கும், உனக்கு இன்னைக்குத் தெரியும் பாரு. நான் சொன்னேன், "நீ ஓரமாப் போயி நில்லு, நான் இந்த ஒரு பாட்டு, ஒரே ஒரு பாட்டு, முடியவும் வந்துருதேன்." அவ ஏதோ சொன்னா. போன்னுதான் சொல்லியிருப்பா. அவ அப்படித்தான், நமக்காக விட்டுக் குடுப்பா. நான் முன்னால போயிட்டேன்.

முன்னாலன்னா எவ்வளவு முன்னால தெரியுமா? டெரன்ஸ் கழுத்து நரம்பு தெரிஞ்சது. போனுக்குள்ள கேட்ட சத்தம் இப்ப நெஞ்சுக்கூட்டுல வந்து முட்டுது. நான் அழுதேன். ரெண்டாவது சரணம் முடிஞ்சது. வாத்தியமெல்லாம் நின்னுச்சு.

அப்பத்தான்.

எனக்குக் கேக்கல. அவ்வளவு கூட்டத்துல எப்படிக் கேக்கும்? நாலு எண்ணுத நேரந்தான. காது அடைச்சுப் போயி கொய்ங்குன்னு இருந்துச்சு. கேக்கல. நான் கையத் தூக்குனேன், இப்படி, வாட்டி இங்கன்னு, டிரம்ஸ் விழுந்துருச்சு.

என்ன? கேக்கலன்னா ஏன் கையத் தூக்குனீங்கன்னா?

எல்லாரும் தூக்குனாங்க பாப்பா. பாட்டுன்னா கையத் தூக்க மாட்டாங்களா?

தண்ணி இருக்கா உன்கிட்ட? குடு. ஒரு மடக்கு போதும்.

அது முடிஞ்சு இன்னும் ரெண்டு பாட்டு. நான் நகரணும்னுதான் பாத்தேன், பின்னால ஆளுக நெருக்கிட்டாங்க, நகர முடியல. முடியலன்னுதான் நினைக்கேன். மூணாவது பாட்டு தொடங்கையில திரும்பிப் போனேன். வேலிப் பக்கம் ஒரு வட்டமா ஆளுக நிக்காங்க. ஒரு அக்கா கீழ உக்காந்து அந்தக் காலண்டர் அட்டையால யாருக்கோ விசிறிக்கிட்டிருந்தாங்க. அதுல எழுத்து மேலயும் கீழயும் போகுது, சிவகாசியில இருந்து, சிவகாசியில இருந்துன்னு. ஒருத்தன் சொல்லுதான், "சந்தோசத்துல மயங்கிருச்சு, முகத்துல தண்ணி அடிங்க." யாருக்கும் என்னன்னு தெரியல. பாவம் அவங்க என்ன செய்வாங்க. அவ உதடு நீலம் பூத்திருந்துச்சு. நான் பையக் கொட்டி மருந்த எடுத்து வாயில வச்சு அமுக்குனேன். உறிஞ்சணும்ல அவ. உறிஞ்சல. மருந்து புகை மாதிரி வாய்க்கு வெளிய வந்துருச்சு.

ஆட்டோவுல கொண்டு போனோம். பெரிய டாக்டரம்மா பாத்துட்டுச் சொன்னாங்க, "ஒரு பத்து நிமிசம் முந்தி இந்த மருந்த அடிச்சிருந்தா." டாக்டருக எப்பவும் அப்படித்தான் சொல்லுவாங்க. பத்து நிமிசம் முந்தி, அரை மணி நேரம் முந்தி. செத்ததுக்குப் பொறவு யாரும் கணக்குப் போடலாம்.

அத்தைகிட்ட நான் என்ன சொல்ல? சொல்லு. அவங்க தரையில விழுந்து கிடக்காங்க. "நீ பக்கத்துல இருந்தேல்ல தாயி? எம்பிள்ள தனியாக் கிடக்கலைல்ல?"ன்னு என் காலப் பிடிச்சுக்கிட்டுக் கேக்காங்க. பெத்தவ கால்ல விழுந்து கேக்கையில, இல்ல அத்தை, நான் முன்னால பாட்டுக் கேட்டுக்கிட்டிருந்தேன்னு சொல்ல முடியுமா? நீயா இருந்தாச் சொல்லுவியா? "பக்கத்துலயே இருந்தேன் அத்தை"ன்னேன். "என் மடியிலதான் தலைய வச்சிருந்தா. மருந்து குடுத்தேன், கேக்கல. கஷ்டப்படல அத்தை, தூங்குத மாதிரிப் போயிட்டா."

அவங்க எந்திரிச்சு உக்காந்து என் முகத்தத் தடவுனாங்க. "நீ இருந்தியே, அது போதும்"னாங்க.

நான் சொன்ன அந்த வார்த்தைதான் அவங்கள உசிரோட வச்சிருந்துச்சு. நான் அப்படித்தான் நினைக்கேன். பன்னெண்டு வருசம் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் அவங்க வீட்டுக்குப் போனேன். ஒரு வாரம் தவற மாட்டேன். எனக்குன்னு குழம்பு எடுத்து வச்சிருப்பாங்க. சாப்பிட்டு முடிக்கவும், "கடைசியில என்ன சொன்னா, இன்னொருக்கச் சொல்லு"ம்பாங்க. சொல்லுவேன். முதல்ல கொஞ்சமாச் சொன்னேன். அவங்க கேக்கக் கேக்க சேத்துச் சேத்துச் சொன்னேன். "அம்மாவைப் பாத்துக்கோட்டின்னா"ன்னு சொன்னேன். "வலிக்கலட்டின்னா"ன்னு சொன்னேன். நாளாக நாளாக எனக்கே அதுதான் நடந்த மாதிரி ஆயிருச்சு. என் மடியில அவ தலை கனம் கூடத் தெரியும். சத்தியமாத் தெரியும்.

அவ போயி எட்டு மாசங்கழிச்சு அந்தக் கச்சேரிய அப்படியே பதிஞ்சு வெளியிட்டாங்க. அன்னைக்குப் பதியுதாங்கன்னே எங்களுக்குத் தெரியாது. ஆளுக கைதட்டுத சத்தத்தப் பிடிக்கிறதுக்கு வேலி ஓரத்துல ஒரு மைக்கு நட்டு வச்சிருந்திருக்காங்க. அவ அதுக்குப் பக்கத்துல போயி நின்னுருக்கா. தெரிஞ்சா நின்னா? மூச்சு வாங்க நின்னா.

நான் அந்தப் பாட்ட கம்பெனியில ஸ்டூல்ல உக்காந்துதான் கேட்டேன். ரெண்டு ஒயரும் எங்காதுலயே. வாத்தியம் நின்னுச்சு. "செம்பா!"

கையில இருந்த சுத்தியல் விழுந்து கால் விரல் நசுங்கிருச்சு. இந்தா பாரு, நகம் இன்னும் கோணலாத்தான் முளைக்குது.

அதுல இருந்து எனக்குச் சத்தம் நிக்கிறது ஆகாது பாப்பா. கரண்டு போனா கம்பெனியில எல்லா மிசினும் ஒண்ணா நிக்கும்ல, மத்தவங்க அப்பாடான்னு இடுப்ப நிமித்துவாங்க. நான் அவ குரல் வருமேன்னு காத்துக்கிட்டிருப்பேன். ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணுவேன். ரெண்டுல வரும். நம்ப மாட்ட, கரெக்டா ரெண்டுல வரும், முதுகுக்குப் பின்னால இருந்து. மிக்சி நின்னா வரும். மழை விட்டா வரும். என் வீட்டுக்காரர் தாலி கட்டும்போது மேளம் நின்ன ஒரு நொடியில வந்துச்சு, நான் மணவறையில திரும்பிப் பாத்தேன். என்னத்தத் தேடுதன்னு அவரு கேட்டாரு. செருப்புன்னேன்.

அதுக்குத்தான் கச்சேரிக்குப் போறேன். என்ன கிறுக்குடா இதுன்னு வீட்டுல சண்டை. அங்க போனா மட்டும் அவ சத்தம் கேக்காது. ரெண்டாயிரம் பேரு ஒண்ணாக் கத்துததுல அவ குரல் அமுங்கிரும். அந்த ஒரு நாள் நிம்மதி. நான் முன்னால போக மாட்டேன். வேலி ஓரமா நிப்பேன். வெறுங்கை தொடங்கவும் மேடைக்கு முதுகக் காட்டித் திரும்பிக்கிடுவேன். ஒவ்வொரு பிள்ள முகமாப் பாப்பேன். வாயத் திறந்து என் பேரச் சொல்லிக் கத்துதீங்களே, எல்லார் முகத்துலயும் சிரிப்பு. அவளும் அப்படித்தான் சிரிச்சுக்கிட்டே கூப்பிட்டிருப்பா, இல்ல? பாட்டு நிக்கிற இடம் வந்துருச்சேன்னு, ஸ்டூல்ல பாத்துக்கிடுவோமே அந்த மாதிரி. நான் அப்படித்தான் வச்சிருந்தேன் மனசுல.

போன தை மாசம் வரைக்கும்.

தை மாசம் ஒரு செவ்வாக்கிழம. ஞாயித்துக்கிழம நான்தான் அவங்க வீட்டுக்குப் போவேன், அவங்க என் வீட்டுக்கு வந்ததே கிடையாது. அன்னைக்கு வந்து வாசல்ல நிக்காங்க. கையில ஒரு போனு, அடுத்த வீட்டுப் பிள்ளையோடது. அந்தப் பிள்ள குழாயடியில பாட்டுப் போட்டுக்கிட்டுத் தண்ணி பிடிச்சிருக்கு. இவங்க வரிசையில நின்னவங்க குடத்தப் போட்டுட்டு, "இன்னொருக்கப் போடு, இன்னொருக்கப் போடு"ன்னு ஏழு தடவ போடச் சொல்லியிருக்காங்க.

உள்ள வந்து உக்காந்தாங்க. போன எங்கிட்ட நீட்டி, "இத ஒரு தடவ கேளு தாயி"ன்னாங்க.

கேட்டேன்.

"எம்மக குரல்தான?"

இல்லன்னு சொல்லத்தான் வாயத் திறந்தேன். "ஆமா அத்தை"ன்னு வந்துருச்சு.

"எதுக்கு உன்னையக் கூப்பிடுதா?"

"சந்தோசத்துல அத்தை. அந்தப் பாட்டுன்னா அவளுக்கு உசிரு."

"நீ எங்க இருந்த?"

"பக்கத்துல."

"பக்கத்துல இருக்கவள எதுக்கு இம்புட்டுச் சத்தமாக் கூப்பிடுதா?"

அவங்க கோவமாக் கேக்கல பாப்பா, அத நீ தெரிஞ்சிக்கிடணும். கடையில சாமான் விசாரிக்கிற மாதிரித்தான் கேட்டாங்க. பொறவு சொன்னாங்க, "எனக்கு அவ சந்தோசமாக் கூப்பிடுத சத்தம் தெரியும். இது அது இல்ல. 'பா'வுக்கு அவளுக்குக் காத்துப் பத்தல. இருக்கிற மூச்சையெல்லாம் சேத்து ஒரே தடவ கூப்பிட்டிருக்கா. அடுத்த தடவ கூப்பிட அவகிட்ட மூச்சில்ல. உனக்குக் கேட்டுச்சா?"

உன்கிட்ட முதல்ல கேக்கலன்னு சொன்னேன்ல. அவங்ககிட்டயும் அதத்தான் சொல்லியிருக்கணும். அவங்க என் கண்ணையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. பன்னெண்டு வருசம் எனக்குச் சோறு போட்டவங்க.

"கேட்டுச்சு அத்தை"ன்னேன்.

"கேட்டும்?"

"கையத் தூக்கிக் காட்டுனேன். பாட்டு முடியவும் போலாம்னு."

"மருந்து?"

"என் பையில இருந்துச்சு."

"எம்பிள்ள யாரு மடியில கிடந்தா?"

"யாரு மடியிலயும் இல்ல அத்தை. தரையில."

போன நிறுத்த அவங்களுக்குத் தெரியல. பாட்டு அது பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கு, ரெண்டு பேரும் உக்காந்திருக்கோம். டெரன்ஸ் கடைசிச் சரணம் பாடி முடிச்சாரு. ஆளுக கைதட்டுனாங்க. அந்தக் கைதட்டுல நானும் இருக்கேன், பாத்துக்கோ. அதுவும் ஓஞ்சது.

அப்ப அத்தை கேட்டாங்க, "பாட்டு நல்லா இருந்துச்சா?"

எனக்குப் புரியல. "எந்தப் பாட்டு அத்தை?"

"அதுக்குப் பொறவு ரெண்டு பாட்டுக் கேட்டேல்ல. நல்லா இருந்துச்சா?"

"நல்லா இருந்துச்சு அத்தை"ன்னேன்.

"சரி"ன்னாங்க. எந்திரிச்சாங்க. சேலை முந்தானைய உதறி இடுப்புல செருகுனாங்க. "காப்பி குடிச்சிட்டுப் போங்க அத்தை"ன்னேன். வேண்டாம்னு கூடச் சொல்லல, செருப்ப மாட்டிக்கிட்டுப் போயிட்டாங்க.

நான் யோசிச்சுப் பாத்தேன். கோவம் இருந்தா அப்படிக் கேப்பாங்களா? ஒரு அடி அடிச்சிருப்பாங்கல்ல, மண்ண வாரித் தூத்தியிருப்பாங்கல்ல? ஒண்ணும் செய்யலையே. பாட்டு நல்லா இருந்துச்சான்னுதான கேட்டாங்க. என் மேல பாசம் இருக்கப் போயித்தான அது. ஏதோ, பிள்ள போனாலும் இவளாவது நல்ல பாட்டுக் கேட்டாளேன்னு. அப்படித்தான நீயும் எடுத்துக்கிடுவ? மனசுல இருந்தத எறக்கி வச்சாச்சுன்னு அன்னைக்கு ராத்திரி நல்லாத் தூங்குனேன்.

ஏன் பாப்பா, அழுவுதியா? அழாத. கண் மை கரையுது பாரு.

அடுத்த ஞாயித்துக்கிழம எப்பவும் போல அவங்க வீட்டுக்குப் போனேன். அவங்களுக்குப் பிடிக்குமேன்னு கருப்பட்டி மிட்டாய் வாங்கிட்டுப் போனேன். கதவு சாத்தியிருந்துச்சு. வெளிப் பூட்டு இல்ல, உள்தாழ்ப்பா. உள்ள டிவி ஓடுத சத்தம் தெருவுக்குக் கேக்குது. "அத்தை"ன்னு கூப்பிட்டேன். நான் கூப்பிடவும் டிவி நின்னுருச்சு. அப்ப நான் வந்தது தெரிஞ்சுதான இருக்கும்? கதவத் திறக்கத்தான் எந்திரிச்சு வாராங்கன்னு நின்னேன். வரல. இன்னொருக்கக் கூப்பிட்டேன். கதவுல காத வச்சுக் கேட்டேன், ஒரு அசைவு இல்ல. மிட்டாய வாசப்படியில வச்சிட்டு வந்துட்டேன்.

மறு வாரம் போனேன், அந்தப் பொட்டலம் அதே இடத்துல எறும்பு மொச்சு இருந்துச்சு. அதுக்கடுத்த வாரமும் போனேன். இப்ப ஆடி வந்துருச்சு. ஒரு வாரம் தவறல பாப்பா, போயி நின்னு கூப்பிட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். தொண்டை கட்டுத வரைக்கும் கூப்பிடுதேன். நான் கூப்பிடவும் டிவி நின்னுரும், அவ்வளவுதான்.

அவங்களுக்கும் அறுபத்தி அஞ்சு ஆச்சு. காது மந்தமாயிருக்கும்.

அடுத்த வீட்டுப் பிள்ள சொல்லுது, அவங்களுக்குக் காது நல்லாத்தான் கேக்கும்னு. அதுக்கு என்ன தெரியும், சின்னப் பிள்ள.